நிறமில்லாத மை

கோப்பு எண் பதினொன்று. ஒசாகா, இகுனோ வட்டாரம்.
பேசுபவர்: பூ ஜோங்-ரியே.
வாசல் பலகையில் வேறு பெயர், நாட்சுயாமா.
இரண்டில் எதை எழுதட்டும் என்றேன்.
தபால்காரருக்கு அது, உனக்கு இது என்றார்,
செருப்பின் அடியில் பசை தடவிக்கொண்டே.

முதல் பன்னிரண்டு நிமிடமும்
அடுத்த அறைத் தையல் எந்திரம்தான் கேட்கிறது.
என் மடியில் தட்டச்சு செய்த கேள்விகள்:
எப்போது தீர்மானித்தீர்கள்? உடன் வந்தவர் யார்?
பயம் இருந்ததா?
ஒவ்வொன்றின் கீழும் பதிலுக்கென்று
ஒரே அளவில் இடம் விட்டிருந்தேன்.

எண்பத்தைந்து, மார்ச்.
வட்டார அலுவலகம், ஐந்தாம் எண் மேசை.
"அந்நியர் பதிவுக்கு இடது சுட்டுவிரலை நீட்டச் சொன்னான்.
இங்கே பிறந்தவள் நான்.
கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை.
பைக்குள் ஒரு பஸ் டிக்கெட் கிடந்தது,
அதைச் சுருட்டிக்கொண்டே நின்றேன்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
இதற்குத்தானே இரண்டு ரயில் மாறி வந்தது!
மறுத்தவர் பட்டியல் என்னிடம் இருந்தது,
எழுத்து மங்கிய துண்டறிக்கை,
முப்பத்தோராவது பெயர்.

அதை அணைக்கிறாயா என்றார்.
அணைத்தேன்.
இரண்டு ஜோடிக்குப் பசை தடவினார்.
சரி, போடு என்றார்.

எண்பத்தேழு.
ஜெஜு தீவில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி.
ரேகை தராதவர் கடல் தாண்டினால்
திரும்பி வர அனுமதி கிடையாது.
அக்கா அங்கே. மூன்று பிள்ளைகள் இங்கே.
அதே மேசை. ஆளும் அதே ஆள்,
தலைமுடி மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது.
பசை தின்ற விரலில் வரிகள் சரியாக விழவில்லை.
இன்னொரு முறை என்றான்.
இன்னொரு முறை.
"ஒருதரம் தருவதென்று போனேன்,
மூன்றுதரம் தந்தேன்."

அதற்குள் விதியில் சின்னதாய் ஒரு கருணை.
கறுப்பு மை போய்
நிறமில்லாத ஏதோ தண்ணீர் வந்திருந்தது,
மனம் நோகாமல் இருக்கட்டுமென்று.
"விரல் சுத்தமாகத்தான் இருந்தது.
கறுப்பென்றால் கழுவியிருப்பேன்."

அக்கா எட்டு நாள் இருந்தார்.
ஆறு நாள் பேசினார்,
பெரும்பாலும் பிள்ளைகளின் பற்களைப் பற்றி.

திரும்பியதும் சங்கத்துக்குப் போய்
என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றாராம்.
அச்சாகிவிட்டதே என்றார்களாம்.
ஆண்டுவிழாவில் பட்டியலை வாசித்தபோது
எல்லாரும் கை தட்டினார்கள்.
"சும்மா இருந்தால் தெரிந்துவிடும்.
நானும் தட்டினேன், எனக்கே."

எழுத்தில் இறக்கும்போது இவ்விடத்தில்
சிரிப்பு என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன்.
எந்தச் சிரிப்பு என்று போட
எங்கள் கையேட்டில் விதி இல்லை.

கடைசியில் ஒப்புதல் படிவத்தை நீட்டினேன்.
பல்கலைக்கழகம் தந்தது,
பத்துப் பேரிடம் வாங்கியும்
நான் வாசித்துப் பார்க்காதது:
கையெழுத்து, அல்லது முத்திரை,
அல்லது விரல் ரேகை.

அவர் அதைப் பார்த்தார்.
அவர் பார்ப்பதைப் பார்த்துத்தான் நான் பார்த்தேன்.
எந்திரம் எப்போது நின்றதென்று தெரியவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றார்.
வலது கையால் படிவத்தை
செருப்படிகளின் அடுக்குக்குக் கீழே செருகினார்.
இடது கை
ஏப்ரன் பைக்குள் இருந்தது.

ரயிலில் என் விரலில் பசை காய்ந்து உரிந்தது.
இருபத்திரண்டு வயது வரை
எந்த மேசையிலும் யாரும் கேட்காத விரல்.

கோப்பு பதினொன்று இன்னும் பூட்டில்.
படிவம் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.
மேலே எழுதிய இரண்டு பெயர்களும்
அவருடையவை அல்ல,
நான் வைத்தவை.
வட்டாரத்தையும் மாற்றியிருக்க வேண்டும்.